தேறிட்டீங்க அண்ணாச்சி

எடை பார்க்கும் மெஷினைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். எச்.ஐ.வி. மருந்து மையத்தில் நர்சாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற ஒருத்தி சொல்வதற்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கும் என்று நினைப்பீர்கள். ரத்தம் எடுப்பது, பதிவேடு எழுதுவது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். எடை பார்ப்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். செருப்பைக் கழற்றுங்க, ஏறுங்க, இறங்குங்க, அடுத்த ஆள் வாங்க. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு மனுஷனைச் சாகவிட்டேன். மென்று விழுங்காமல் இதை எழுத எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

எனக்கு வீடு சங்கரன்கோவிலில். வேலை பார்த்தது வேறு ஊரில். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது, அந்த ஊர் என்ன பண்ணும்? காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் பஸ் ஏறி வருவேன். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். சொந்த ஊரில் மாத்திரை வாங்கினால் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று தள்ளியிருக்கிற ஊராகப் பார்த்து வருவார்கள். அதனால் நானும் அவர்களும் ஒரே பஸ்ஸில் போன நாட்கள் உண்டு. முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நான். ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். மையத்துக்குள் நுழைந்ததும், "சிஸ்டர், சௌக்கியமா?" என்பார்கள். எனக்கே சில நாள் சிரிப்பு வரும்.

இது உங்களுக்கும் முதல் நாளே சொல்லப்பட்டிருக்கும். வெளியே நோயாளியைப் பார்த்தால் நாமாகப் பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. அவர்களாகப் பேசினால் மட்டும் பேசலாம். நான் இதில் ரொம்பக் கெட்டி. என் சொந்தக்காரர் கல்யாணத்தில் என் நோயாளி ஒருவர் எனக்குப் பாயசம் ஊற்றினார். யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல, "போதும் தம்பி" என்றேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். நான் சேர்ந்த காலத்தில் எங்களிடம் வந்தவர்கள் நடந்து வரவில்லை, தூக்கி வந்தார்கள். முப்பத்து நாலு கிலோ, முப்பத்தாறு கிலோ என்று வளர்ந்த ஆம்பிளைகள். மாத்திரை ஆரம்பித்த பிறகு அந்த முள் ஒரு கிலோ நகர்ந்தால் எங்களுக்குத் திருவிழா. அது நகர்ந்தால் ஆள் பிழைத்தான், நகராவிட்டால் போய்விட்டான். வேறு கணக்கே கிடையாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எடை ஒரு கிலோ ஏறினால் என் கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் கொடுப்பேன். "தேறிட்டீங்க அண்ணாச்சி" என்பேன். பெண்களாக இருந்தால், "ஏட்டி, தேறிட்டியே!" என்று முதுகில் ஒரு தட்டு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே வந்தவர்கள் இருந்தார்கள். கண் கலங்குவார்கள். எனக்கும் கலங்கும்.

அப்படித் தேறியவர்களில் ஒருவரை வேலாயுதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். அவருடைய அண்ணன் லாரி டிரைவர். இந்த நோயில்தான் போனார், அதுவும் மாத்திரை சரியாகக் கிடைக்காத காலத்தில். கடைசி மாதங்களில் அண்ணனை வாசலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்களாம். தெருவே பார்த்துக்கொண்டு போனது. அண்ணன் இறந்த பிறகு தறிக்கூடத்தில் வேலாயுதத்துக்கு டீ தனி கிளாஸில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த கிளாஸின் அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அப்போது அவருக்கு நோயே தெரியாது. இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் விழுந்து, ரத்தம் பார்த்தபோதுதான் அவருக்கும் இருப்பது தெரிந்தது. அவர் மனைவி கோமதிக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தோம், கடைசி வரை இல்லை.

மாத்திரை ஆரம்பித்தபோது அவர் நாற்பத்தொன்பது கிலோ. ஆறு மாதத்தில் ஐம்பத்தெட்டு. ஒரு நாள் மெஷினிலிருந்து இறங்கி என்னிடம் மெல்லச் சொன்னார்.

"சிஸ்டர், இன்னைக்கு தறி செட்டுல எனக்கு எல்லாருக்கும் குடுக்குற கிளாஸ்லயே டீ வந்துச்சு. பொட்டு வச்ச கிளாஸ எங்கன போட்டானுவன்னு தெரியல."

நான் இரண்டு மிட்டாய் கொடுத்தேன். அவர் சாப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சதை போட்டால் தெரு நம்பும். தெரு நம்பினால் கிளாஸ் நிலைக்கும். சங்கரன்கோவிலில் பிரியாணிக்கும் புரோட்டாவுக்கும் பஞ்சமா? மனுஷன் ஒரு கடமையாகச் சாப்பிட்டார். குடிக்கிற பழக்கம் மட்டும் அறவே கிடையாது. பீடிகூட இல்லை.

அவருக்கு இன்னொன்றும் இருந்தது. முதல் ரத்தப் பரிசோதனையிலேயே ஹெபடைடிஸ் பி வைரஸும் தெரிந்துவிட்டது, ஈரலைத் தாக்குகிற வைரஸ். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற அதே மாத்திரை இதையும் அடக்கி வைக்கும். எனவே வேறு மருந்து தேவையில்லை. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது சீறிக்கொண்டு கிளம்பும், ஈரலை நாசம் பண்ணிவிடும். இதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை. ஒரு நோயைக் கேட்டே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் இரண்டாவதை எப்படிச் சொல்வது, தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் தேறிய பிறகு எனக்கு மறந்தே போய்விட்டது. அவருடைய சிகிச்சைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அது என் கையெழுத்தில், அவருக்குத் தெரியாத இங்கிலீஷில்.

சில வருஷத்துக்கு முன்னால் புது மாத்திரை வந்தது. நல்ல மாத்திரை, அதைக் குறை சொல்லவே மாட்டேன். தினமும் ஒன்று போட்டால் போதும், வைரஸ் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் பலருக்கு எடை ஏறியது. எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று ஏறிக்கொண்டே போனது. நான் பாட்டுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நினைத்துப் பாருங்கள், எழுபத்தெட்டு கிலோ ஆளுக்கு, ரத்தத்தில் சர்க்கரை இருக்கிற ஆளுக்கு, கடலை மிட்டாய்! ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணில் அவர்கள் எல்லாரும் இன்னும் முப்பத்தாறு கிலோதான்.

அந்தச் சமயத்தில் மையத்துக்கு ஒரு புது டாக்டர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வந்த வாரமே என் மிட்டாய் டப்பாவைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இனி எடை ஏறுறதப் பாராட்டாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பிள்ளைக்கு என்ன தெரியும், பிணமாக வந்தவர்களை இது பார்த்திருக்குமா என்று நினைத்தேன். வாயால் "சரி டாக்டர்" என்றேன். மிட்டாயை மேஜை மேலிருந்து எடுத்து டிராயருக்குள் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

அவர்தான் வேலாயுதத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஈரலில் கொழுப்பு, இரண்டாம் கிரேடு என்று வந்தது. ரத்தத்திலும் ஈரல் அளவுகள் தூக்கலாக இருந்தன. என்னையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டே அவரிடம் பேசினார்.

"அண்ணே, உங்க ஈரல்ல ஏற்கெனவே ஒரு வைரஸ் இருக்கு. அது மேல இந்தக் கொழுப்பும் சேர்ந்தா ஈரல் சீக்கிரம் கெட்டுப்போகும். எட்டு கிலோ குறைங்க. அவசரமில்ல, ஒரு வருஷத்துல குறைச்சாப் போதும்."

அந்த வைரஸ் எச்.ஐ.வி.தான் என்று வேலாயுதம் நினைத்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டார்.

"டாக்டரம்மா, எங்க அண்ணன் மெலிஞ்சுதான் செத்தான். தெருவே பாத்துச்சு. நான் எட்டு கிலோ குறைஞ்சா, 'ஏலே, இவனுக்கும் அதுதாம்லே'ன்னு அன்னைக்கே சொல்லிருவானுவ. மெல்ல மெலிஞ்சாலும் மெலிவுதானம்மா."

டாக்டர் சாப்பாட்டு அட்டை ஒன்றைக் கொடுத்து, நடக்கச் சொல்லி அனுப்பினார். வெளியே வராந்தாவில் வேலாயுதம் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். என் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. என்னைய மொதல்லேருந்து பாக்குறது நீங்கதான். கொறைக்கணுமா?"

அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். அந்தப் பயத்தை உடனே போக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. நர்சுகளுக்கு உள்ள கெட்ட வியாதி இது. உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை.

"ஈரல்ல கொழுப்பு இன்னைக்கு யாருக்குத்தான் இல்ல அண்ணாச்சி? எனக்கும்தான் இருக்கு. இதப் போயி மனசுல போட்டு உழப்பிக்கிட்டு."

"அப்ப இது எதனால சிஸ்டர்? மாத்திரையாலயா?"

"புது மாத்திரை கொஞ்சம் சதை போடத்தான் செய்யும்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு பதில்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் அந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துத் தைத்துக்கொண்டார். கொழுப்பு சாதாரண விஷயம், அதுக்காக மெலிய வேண்டாம். ஆனால் அது மாத்திரையால் வருகிறது, மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். இதற்கு ஏற்றாற்போல யாரோ சொல்லி, ஒரு கிராமத்தில் ஈரலுக்கு மருந்து கொடுக்கிற ஆள் கிடைத்தார். இரண்டு மண்டலம் பச்சிலை சாப்பிட வேண்டும், அந்தத் தொண்ணூற்றாறு நாளும் இங்கிலீஷ் மருந்து ஒரு மாத்திரைகூட வயிற்றுக்குள் போகக் கூடாது. ஈரல் சுத்தமாகிவிடும், உடம்பு மெலியாது. அவருக்கு வேண்டியதை வேண்டிய மாதிரியே சொன்ன ஒரே ஆள் அவர்தான். நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரை வாங்க வராவிட்டால் நாங்கள் போன் போடுவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் மூன்று மாதம் கழித்துச் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார். அன்றைக்கு டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். எங்கள் மையத்தில் ஒரு பழக்கம். பழைய நோயாளி, எடை குறையவில்லை, தொந்தரவு ஒன்றும் சொல்லவில்லை என்றால், டாக்டர் இல்லாத நாளில் அவரைக் காத்திருக்க வைக்காமல் மூன்று மாத மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

வேலாயுதம் மெஷினில் ஏறினார். போன முறை எழுபத்தொன்பது. இந்த முறை எண்பத்தொன்று.

"ரெண்டு கிலோ கூடிட்டு அண்ணாச்சி. டாக்டர் ஏசுனாகன்னா நான் பொறுப்பில்ல" என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "தேறிட்டேன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

"தேறிட்டீங்க அண்ணாச்சி" என்றேன்.

செருப்பை மாட்டுவதற்காகக் குனிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. காலைப் பார்த்தேன். செருப்பு வார் இருந்த இடத்தில் சதை பள்ளமாக அமுங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"கால் என்ன வீங்கின மாதிரி இருக்கு?"

"நின்னுக்கிட்டேதான தறி ஓட்டுதேன். சாயங்காலம் ஆனா அப்படித்தான் இருக்கும்."

மணி அப்போது காலை பதினொன்று. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. "வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்கு சிஸ்டர்" என்றார். வாயு மாத்திரை பத்து கொடுத்தேன். அவர் கையையோ கண்ணையோ நான் பார்க்கவே இல்லை. மெஷின் எண்பத்தொன்று என்று சொன்ன பிறகு அவரிடம் பார்ப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வியாதி இருக்கிறவன் கெட்டால் மெலிவான், மெலியாதவன் நன்றாக இருக்கிறான். இருபது வருஷப் பாடம், ரத்தத்தில் ஊறியிருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பூக்காரிகள் உட்கார்ந்திருக்கிற பக்கம் சிமெண்டு பெஞ்சில் வேலாயுதம் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவர்கள் பேச்சிலிருந்து தறிக்கூடத்து ஆட்கள் என்று தெரிந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சட்டைக்குள் கை இரண்டும் குச்சியாகத் தெரிந்தன. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பியபோது கண்ணைப் பார்த்தேன். நல்ல மஞ்சள்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கால் வீக்கம், உப்புசம், அந்த இரண்டு கிலோ. பத்தடி தூரத்தில் நிற்கிறேன். இப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் பக்கத்தில் போய் என்ன சொல்வது? இரண்டு பேரும் கேட்பார்களே, நீங்க யாரும்மா, அண்ணாச்சிய எப்படித் தெரியும் என்று. நான் எந்த மையத்து நர்ஸ் என்பது சங்கரன்கோவிலில் நாலு பேருக்காவது தெரியும். ஒரு வார்த்தை பேசினால் அந்த சிவப்புப் பொட்டு கிளாஸ் மறுநாளே வந்துவிடும்.

அவரும் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, பஸ் நேரம் எழுதியிருந்த போர்டு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவரே பேச விரும்பவில்லை, நாளைக்குப் போன் போடலாம் என்று மனசு சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கேயே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, தேவையே இல்லாமல் பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கினேன். பூக்காரி அளந்து முடிப்பதற்குள் ஒரு டவுன் பஸ் வந்தது. இரண்டு பேரும் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். பஸ் போய்விட்டது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பச்சிலைக்காரரிடம்தான் போனார்கள். மஞ்சள் காமாலைக்கும் அவர்தானே மருந்து கொடுக்கிறார்.

மறுநாள் காலையில் மையத்துக்குப் போனதும் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்று அவர் புத்தகத்தைப் புரட்டினால், முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாக. அன்று முழுக்க ஏழு தடவை போட்டேன். மூன்றாம் நாள் கோமதி எடுத்தாள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள். ராத்திரி ரத்தமாக வாந்தி எடுத்தாராம், அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லையாம். எங்கள் டாக்டர் அங்கே பேசி எல்லா விவரமும் சொன்னார். அதற்குள் ஈரல் கைவிட்டுவிட்டது. நாலாம் நாள் போய்விட்டார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலாயுதத்தின் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டு கிலோ சதை இல்ல சிஸ்டர். வயித்துல கட்டுன தண்ணி. கால்லயும் அதுதான்" என்றார். பிறகு, "உள்ள ஆள் மெலிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கார். தண்ணிதான் மெஷின்ல நின்னுருக்கு" என்றார். கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

இதற்குப் பிறகு நான் திருந்தி, மையமும் திருந்தி, எல்லாரும் எடை குறைத்து நன்றாக இருந்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மிட்டாயைத் தூக்கிப் போட்டேன். எடையோடு இடுப்புச் சுற்றளவும் பார்த்தேன், காலை அமுக்கிப் பார்த்தேன், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஆனால் எண்பது கிலோ ஆட்களிடம் குறைக்கச் சொன்னபோது, ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை. ஒரு பெண் என்னிடம், "சிஸ்டர், என்னையத் தெருவுக்குக் காட்டிக் குடுக்கப் பாக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான்தானே வருஷக்கணக்காக அவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியது. இன்னொரு கொடுமை, வேலாயுதம் செத்த விஷயம் காத்திருக்கும் பெஞ்சில் பரவி, மாத்திரை ஈரலைத் தின்றுவிட்டது என்று ஆகிவிட்டது. இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தினார்கள். ஒருவரைத் திரும்பப் பிடித்துவிட்டோம். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று நான் ஓய்வு பெறும் வரை தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கோமதி வந்தாள். மாதத்துக்கு ஒன்றாக இரண்டு தடவையில் நாங்கள் கொடுத்த ஆறு டப்பா மாத்திரையைக் கட்டைப்பையில் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் மட்டும் சீல் உடைந்திருந்தது. மற்ற ஐந்தும் நாங்கள் கொடுத்தபடியே இருந்தன.

"வீட்டுல வச்சிருக்கப் பயமா இருக்கு சிஸ்டர். குப்பையில போட்டா யாராவது எடுத்து வாசிச்சிருவாவ. அதான் கொண்டாந்தேன்."

உட்காரச் சொன்னேன். தெருவில் ஏதாவது பேசினார்களா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

"பேசாம இருப்பாவளா? குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து செத்தான்னு பேசுதாவ. 'வெளியில தெரியாமக் குடிச்சிருக்கான் பாரு'ன்னு எங்க நாத்தனாளே சொல்லுதா. வயிறு வீங்கி, ரத்தமா எடுத்தாருல்லா. குடிகாரன் சாவுன்னு நெனச்சுட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, குடிச்சாருன்னுட்டேன்." அழாமல் சொன்னாள். "சொட்டு நாக்குல வச்சதில்ல சிஸ்டர் அந்த மனுஷன். சபையில நின்னு குடிகாரன்னு ஒத்துக்கிட்டேன். அவிய இருந்தா அதத்தான விரும்புவாவ. எதுன்னாலும் இருக்கட்டும், அதுன்னு மட்டும் தெரியக் கூடாதும்பாவ. செட்டு ஆளுவ எல்லாரும் பாடை தூக்க வந்தாவ. ஒருத்தரும் ஒதுங்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். போகப் போனவள் நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்தாராம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாவ. எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. பேசிட்டாவளோன்னு கேட்டேன். 'இல்லட்டி, பாத்தும் பாக்காத மாதிரிப் போயிட்டாவ. சிஸ்டர் நல்லவிய'ன்னாவ. கடைசியா என்கிட்டத் தெளிவாப் பேசுன பேச்சு அதுதான். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

அவள் நன்றி சொல்லத்தான் அதைச் சொன்னாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் எல்லாரும் அந்த விதியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நம்மிடம் ஒருவரும் வர மாட்டார்கள். ஆனால் வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கலாம். தென்காசி பஸ் போய்ட்டா என்று கேட்கலாம். அப்படிக் கேட்டுக்கொண்டே பெஞ்சுக்குப் பக்கத்தில் போய், பார்க்கிற எவளும் சொல்கிற மாதிரி, "என்ன அண்ணாச்சி, கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். மஞ்சள் கண்ணைப் பார்த்து அப்படிச் சொல்வதற்கு அவரை எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.